ஸ்ரீகாரியத்து மரவள்ளித் தோட்டம்

திருவனந்தபுரத்துக்குச் செல்லும் யாழ்ப்பாணத்தவர் முதலில் நாடுமிடம் அனந்தபத்மநாப சுவாமி ஆலயமே. கொழும்பிலிருந்து வானூர்தியில் ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய அந்நகருக்குச் சென்ற மார்கழி விடுமுறையிற் குடும்பத்துடன் போயிருந்தேன். நகரெங்கும் கறுப்புடை தரித்த ஐயப்ப பக்தர் கூட்டம். கிழக்குக் கோட்டை வாயிலைக் கடந்து, மேலாடை களைந்து, பள்ளிகொண்ட பெருமானை மூன்று வாயில்களூடாகத் தரிசித்தோம். திருமுகத்தை ஒரு வாயிலிலும், உந்திக் கமலத்தை ஒரு வாயிலிலும், திருவடியை ஒரு வாயிலிலும் கண்டு மனம் நிறைந்தது.

எனினும் அப்பயணத்தில் நான் காண விரும்பிய இடம் இன்னொன்றும் இருந்தது. நகருக்கு வடக்கே, கொல்லம் செல்லும் நெடுஞ்சாலைப் பக்கமாக, ஸ்ரீகாரியம் என்றோர் ஊர் உண்டு. அங்கே ஒரு கிழங்குத் தோட்டத்தைக் காணப் போகின்றேன் என்றதும் என் மனைவி நகைத்துவிட்டாள். “கோயில் கும்பிட வந்த இடத்திலை மரவள்ளிக் கிழங்குக்கும் ஒரு யாத்திரையோ?” என்றாள். நகைத்தவள் உடனே மௌனமானாள். காரணம் அவளும் அறிந்ததே. வாசகர்களுக்கும் அதனை முதலிற் சொல்லிவிடுதல் முறை.

1996ஆம் ஆண்டு ஆடி மாதம். முந்திய ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்த எமது குடும்பம், தென்மராட்சியிற் சில மாதங்கள் தங்கிப் பின்னர் வன்னியை அடைந்து, அக்கராயனுக்கு அப்பால் ஓர் ஓலைக் கொட்டிலில் வாழ்ந்த காலம் அது. எனக்கு வயது பதினாறு, தம்பிக்கு ஆறு. மழையின்றி நிலம் வெடித்துக் கிடந்தது. குடிதண்ணீரைத் தொலைவிலிருந்த கிணறொன்றிலிருந்து மிதிவண்டியிற் கட்டிவர வேண்டும். அரிசி இல்லாதுபோன ஒரு நாள், உரியவர் விட்டுச் சென்ற வளவொன்றின் வேலியோரத்தில் வாடி நின்ற மரவள்ளியை நானே பிடுங்கி வந்தேன். அம்மா அதனை உரித்துப் பெருந்துண்டுகளாக வெட்டி, இருந்த சிறிதளவு நீரிலே, விறகு வீணாகாதபடி மூடியிட்டு அவித்தார். கிழங்கு சற்றுக் கசந்தது. பெரியவர்களாகிய நாங்கள் குறைத்துக்கொண்டோம். பசி பொறாத தம்பியோ சம்பலைத் தொட்டுத் தொட்டு வயிறார உண்டான்.

இரவு அவனுக்கு வாந்தி கண்டது, தலை சுற்றியது, மூச்சு இரைத்தது. மிதிவண்டியில் அவனை முன்னே இருத்தி, இருளில் மருத்துவமனைக்கு ஓடினோம். விடியும் வேளையிலே அவன் கண் விழித்தான். இன்று அவன் இரு பிள்ளைகளின் தந்தை. ஆயினும் அன்று முதல் எமது வீட்டு அடுப்பில் மரவள்ளி ஏறியதில்லை. “என்ரை கையாலை என்ரை பிள்ளைக்கு நஞ்சு குடுத்தன்” என்று அம்மா சொல்லக் கேட்ட தடவைகள் பல. குற்றம் கிழங்கினுடையதா? அம்மாவின் கையினதா? அதனைப் பிடுங்கி வந்த என்னுடையதா? ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக என்னுள் இருந்த அவ்வினாவுடனேதான் நான் ஸ்ரீகாரியத்துக்குப் புறப்பட்டேன்.

வழியில் ஒரு தேநீர்க் கடையில் இறங்கினோம். அவித்து மசித்துத் தேங்காயும் பச்சை மிளகாயும் சேர்த்த மரவள்ளி ஆவி பறக்க வந்தது. அங்கே அதன் பெயர் ‘கப்பை’; ‘மரச்சீனி’ என்றும் வழங்குவர். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பயிர் போர்த்துக்கேயர் வழியே கேரளக் கரையை அடைந்தது. எமது நாட்டுக்கு 1786ஆம் ஆண்டளவில், ஒல்லாந்த ஆளுநர் வன் டர் கிராவ் காலத்தில், மொரீசியசுத் தீவிலிருந்து வந்தது என்பர். ஆயினும் அதனை ஏழைகளின் உணவாக்கிய பெருமை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசாவைச் சாரும். நஞ்சென்று குடிகள் அஞ்சியபோது, அரண்மனையிலே சமைப்பித்துத் தாமே உண்டு காட்டினார் என்று ஒரு செவிவழிச் செய்தியும் உண்டு. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டு அரிசி வரவு நின்றபோது, திருவிதாங்கூர் மக்களின் பசியைத் தணித்தது இக்கிழங்கே. 1970களின் முற்பகுதியில் எமது நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் மரவள்ளியே கைகொடுத்ததை எம் மூத்தோர் மறந்திரார்.

ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1963ஆம் ஆண்டிலே தாபிக்கப்பட்டது. நண்பர் ஒருவர் மூலம் அறிமுகமான ஆராய்ச்சியாளர் எம்மை வாயிலிலே வரவேற்றார். நாகர்கோவிற் பக்கத்தவராகையால் எம்முடன் தமிழிலேயே உரையாடினார். எங்கு நோக்கினும் மரவள்ளி. ஒரு பாத்தியிற் செந்தண்டு, மறு பாத்தியில் வெண்தண்டு. ஒன்றில் ஐந்து விரல் இலை, இன்னொன்றில் ஏழு விரல் இலை. நாம் மரவள்ளி என்று ஒரே பெயரால் அழைக்கும் செடிக்கு இத்தனை முகங்களா என்று வியந்து நின்றோம்.

என் மகள் அதுவரை மரவள்ளியின் பூவைக் கண்டதில்லை. அவர் ஒரு பூங்கொத்தைத் தாழ்த்திக் காட்டினார். மரவள்ளி ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெண் பூக்கள் கொத்தின் அடியிலும் ஆண் பூக்கள் மேலேயும் இருக்கும். பெண் பூ முதலில் மலரும்; ஆண் பூ மலரப் பின்னும் ஓரிரு வாரங்கள் செல்லும். நல்ல தாயையும் நல்ல தந்தையையும் தேர்ந்து இணைக்க விரும்புவோர், மலருமுன்பே பெண் பூவைச் சிறு துணிப்பையால் மூடி, வேறு செடியின் மகரந்தத்தைக் கொணர்ந்து கையாலே தடவி, மீண்டும் மூடி வைக்கின்றனர். அதிலிருந்து வரும் காயில் மூன்றே வித்துகள். அம்மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல ஒன்றையொன்று ஒவ்வாதவை.

“ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, ஆண்டுதோறும் கழித்துக் கழித்து, எட்டுப் பத்து ஆண்டுகளின் பின் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். மிஞ்சியதும் உழவருக்குப் பிடிக்க வேண்டும்” என்றார் அவர்.

வித்தால் வரும் பேதம் தடியால் வருவதில்லை. தேர்ந்தெடுத்த செடியின் தண்டை வெட்டி நட்டால், தாய் எதுவோ சேயும் அதுவே. அதனால் ஒரு முறை கண்ட நன்மை தலைமுறை தோறும் தொடரும். இந்நிறுவனம் 1971இல் எச்-97, எச்-165, எச்-226 என்னும் கலப்பினங்களை வெளியிட்டது. 1977இல் ஸ்ரீ விசாகம், ஸ்ரீ சஹ்யா என்பன வந்தன. முன்னையது அந்த மகாராசாவின் பெயர் தாங்கியது. அதன் கிழங்கு கரட்டின் சத்தையுடைய இளமஞ்சள் நிறத்தது. மலாயாவிலிருந்து வந்து கேரளத்தார் நாவைக் கவர்ந்த எம்-4 என்னும் பழைய இனம் ஹெக்டேயருக்கு இருபது தொன் அளவே தரும். ஸ்ரீ விசாகமோ முப்பத்தைந்து தொன்னை எட்டும். நாம் பாயசத்திலிடும் சவ்வரிசி சேலம் மாவட்டத்து ஆலைகளிலே மரவள்ளி மாவினாற் செய்யப்படுவது. அவ்வாலைகளுக்கு எச்-165, எச்-226 ஆகியவை பெரிதும் உதவின. ஆயினும், விளைச்சல் எவ்வளவு மிகுந்தாலும் வீட்டுக்கென்று நடும் நாலு தடியை எம்-4 ஆகவே நடுகின்ற உழவர் அங்கு பலர். மெத்தென்று வேகும் கிழங்கின் சுவையை அவர்கள் விடுவதாக இல்லை.

தோட்டத்தின் ஒரு பக்கத்திற் சில செடிகளின் இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாய்ச் சுருங்கி முறுகிக் கிடந்தன. இதுவே தேமல் நோய். வெள்ளை ஈ என்னும் சிறு பூச்சி இந்நோயின் வைரசைச் செடிக்குச் செடி பரப்பும். அதனினும் கேடாக, நோயுற்ற தடியை நட்டால் நோயும் கூடவே முளைக்கும். இவ்வைரசுகளுள் ஒன்றின் பெயரைக் கேட்டதும் நான் சற்று நாணினேன். ‘இலங்கை மரவள்ளித் தேமல் வைரசு’ என்பது அதன் பெயர். எமது நாட்டுச் செடியிலிருந்து பிரித்தறியப்பட்டு, 2002இல் தனியினமாகக் கொள்ளப்பட்டமையால் வந்த பெயர் அது. 2015இல் கம்போடியாவிலும், 2017இல் வியட்நாமிலும், 2018இல் தாய்லாந்திலும் அது காணப்பட்டது. மரவள்ளியை ஏற்றுமதிப் பயிராகக் கொண்ட நாடுகள் அவை.

இந்நோயை வெல்லும் செடி எங்கிருந்து வந்தது? அக்கதை கிழக்கு ஆபிரிக்காவிலே தொடங்குகிறது. இன்றைய தன்சானியாவில், உசம்பாரா மலைகளின் மீது அமானி என்றோர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1930களில் அங்கே ஸ்டோரி, நிக்கல்ஸ் என்னும் இரு அறிஞர்கள் தேமல் நோயைத் தாங்கும் மரவள்ளியைத் தேடினர். மரவள்ளிக்குள்ளே தேடியது போதாதென்று கண்டு, அதன் காட்டு உறவினமான சீரா இறப்பர் மரத்துடன் அதனைக் கலந்தனர். பிறந்த கன்றுகள் நோயைத் தாங்கின. கிழங்கோ விறகுபோல் இருந்தது. மீண்டும் மீண்டும் மரவள்ளியுடன் கலந்து கிழங்கை நல்லதாக்க முயன்றனர். அங்கு பெற்ற வித்துகள் 1950களில் நைஜீரியாவின் இபடான் நகருக்குச் சென்றன. பின்னர் 1967இல் அந்நகரில் வெப்பமண்டல வேளாண்மைக்கான சர்வதேச நிறுவனம் தோன்றியது. 1971இல் அங்கு வந்த கொரிய அறிஞர் சாங் கி ஹான், அவ்வித்தின் வழிவந்த செடியொன்றை அடிப்படையாகக் கொண்டு, நோயைத் தாங்கி மிகுந்து விளையும் இனங்களை உருவாக்கினார். அவருக்கு யோருபா மக்களின் ஊரொன்று உழவர் தலைவர் என்னும் பட்டத்தைச் சூட்டியது. 1990களில் உகண்டாவின் மரவள்ளி வயல்கள் தேமல் நோயால் அழிந்தபோது, இபடானிலிருந்து வந்த இனங்களே அங்கு மீண்டும் கிழங்கை விளைவித்தன.

“அந்த வழியிலே இங்கு வந்தவனைப் பாருங்கள்” என்று நண்பர் ஒரு செடியைக் காட்டினார். திட்டு ஒன்றும் இல்லாத பசிய இலை. நைஜீரியாவிலிருந்து வந்த அதற்கு இங்கு இட்ட பெயர் ஸ்ரீ பத்மநாபா! காலையில் மூன்று வாயில்களூடாகத் தரிசித்த பெருமானின் பெயரை, பிரேசிலிற் பிறந்த முன்னோரும், அமானியிலும் இபடானிலும் வளர்ந்த உறவினருமுடைய ஒரு செடி தாங்கி நின்றது. அவித்துண்ண அது அத்துணை உவப்பானதன்று. ஆகையால் அதன் எதிர்ப்பாற்றலையும் உள்ளூர் இனங்களின் சுவையையும் ஒன்றுசேர்க்க முனைந்து, ஸ்ரீ ரக்ஷா முதலிய புதிய இனங்களை அங்கு உருவாக்கியுள்ளனர்.

இத்தனையும் கேட்டபின் என் வினாவை வெளியிட்டேன். “நோயை வென்றீர்கள், விளைச்சலைப் பெருக்கினீர்கள். நஞ்சே இல்லாத மரவள்ளியை ஏன் ஆக்கித் தரவில்லை?”

அவர் என்னை ஒரு நிழலில் அமரச் செய்து விளக்கினார். மரவள்ளியில் இலினமரின் என்றொரு பொருள் உண்டு. அது இலையில் உண்டாகிக் கிழங்குக்கு இறங்குவது. கிழங்கை வெட்டும்போதோ இடிக்கும்போதோ அதனுடன் ஒரு நொதியம் கலக்கிறது; கலந்ததும் ஐதரசன் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. புழுவும் எலியும் பன்றியும் கடித்தால் அவற்றைத் துரத்துவதற்குச் செடி வைத்திருக்கும் காவல் அது. ஆபிரிக்காவிற் பல ஊர்களில் உழவர் கசப்பு மரவள்ளியையே விரும்பி நடுவதும் இதனாலேதான். விலங்கும் அணுகாது, கள்வனும் அணுகான். நஞ்சு குறைந்த இனங்களைத் தேர்ந்தெடுக்க முடிகிறது, தேர்ந்தெடுத்தும் வருகின்றனர். கிலோ ஒன்றுக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைந்த சயனைட்டைத் தரும் பச்சைக் கிழங்கை இனிப்பினம் என்றும், 100 மில்லிகிராமுக்கு மேற்பட்டதை அபாயமானது என்றும் வகுப்பர். ஆயினும் இனம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை.

“மழையுள்ள ஆண்டில் இனிக்கும் அதே செடி வறட்சியிலே கசக்கும், ஐயா. நீரின்றி வாடும் செடி நஞ்சை மிகுவித்துக்கொள்ளும்” என்றார் அவர்.

ஆடி மாதத்து வேலியோரத்தில் வாடி நின்ற அச்செடி என் கண்முன் வந்தது.

மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாகாணத்தில் 1981இல் நிகழ்ந்ததையும் அவர் கூறினார். கடும் வறட்சியில் வேறு பயிரெல்லாம் மடியக் கசப்பு மரவள்ளி மட்டுமே எஞ்சியது. பசி மிகுதியால், நாட்கணக்காக உலர்த்திப் பக்குவப்படுத்தும் வழக்கத்தை மக்கள் சுருக்கிக்கொண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் சிறுவரும், திடீரெனக் கால்கள் விறைத்து நடக்கவியலாதவராயினர். கொங்கோவில் 1938ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்ட இந்நோய்க்கு ‘கொன்சோ’ என்று பெயர். கட்டுண்ட கால்கள் என்பது அதன் பொருள். அக்கால்கள் பின்னர் மீள்வதில்லை. உடலிற் புகும் சிறிதளவு சயனைட்டை மாற்றி வெளியேற்றுவதற்குப் புரத உணவிலுள்ள கந்தகம் வேண்டும். மீனோ பயறோ இன்றி மரவள்ளியை மட்டும் உண்போரையே அந்நோய் தாக்குகிறது. கேரளத்தார் கப்பையுடன் மீன்கறியையும், நாம் மரவள்ளியிட்ட கூழில் மீனையும் பயிற்றங்காயையும் சேர்ப்பது சுவைக்கு மட்டுமன்று என்பது அப்போது விளங்கியது.

“வீட்டிலே எவ்வாறு சமைக்க வேண்டும்?” என்று கேட்டாள் என் மனைவி. தோலில் நஞ்சு மிகுதியாகையால் அதனைத் தடிப்பாக உரித்தல். சிறு துண்டுகளாக வெட்டுதல். நிறைய நீரில், மூடாத பானையில் அவித்தல். அந்நீரை வடித்து ஊற்றிவிடுதல். இலினமரின் நீரிற் கரைவது. ஐதரசன் சயனைட்டோ 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகிவிடுவது. சுடுவதாலும் பொரிப்பதாலும் ஆவியில் அவிப்பதாலும் நஞ்சு சிறிதே குறையும். இவற்றை அவர் வரிசையாகக் கூறக்கூற நான் திகைத்தேன். ஊரை விட்டு வரமாட்டேன் என்று 1995இல் எம்மைப் பிரிந்து நின்றுவிட்ட ஆச்சி, அடுப்படியில் ஒவ்வொரு முறையும் செய்தது இதுவே. “மூடியைத் திறந்து விடு மோனை, கசப்பு வெளியாலை போகட்டும்” என்பார். மரவள்ளி உண்ட நாளில் இஞ்சி தொடவும் விடமாட்டார். அதற்கு அவர் காரணம் சொன்னதில்லை. இக்கிழங்கு அஞ்சி உண்ண வேண்டியது என்னும் நினைவை அவ்விதி எமக்குள் வைத்திருந்தது. நான் இதனைச் சொன்னபோது நண்பர் சிரித்தார். “உங்கள் ஆச்சி எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்ததில்லையே!” என்றார்.

புறப்படும்போது என் மகள் ஸ்ரீ பத்மநாபாவின் தடியொன்றை ஊருக்குக் கொண்டுசெல்ல விரும்பினாள். நண்பர் மறுத்துவிட்டார். “தடியோடு நோயும் கடல் கடக்கும், மகளே. அரசாங்கங்கள் சோதித்து அனுப்பும் வழியிலே வரட்டும்” என்றார். வெறுங்கையுடன் திரும்பினோம்.

வீடு வந்த அன்றிரவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வறட்சியால் நஞ்சு மிகுந்ததையும், இனமறியாத செடியை நான் பிடுங்கியதையும், நீர் குறைந்ததையும், பானை மூடியிருந்ததையும் ஒளியாமற் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “தண்ணி இருந்திருந்தால் நான் ஊத்தாமலோ விட்டிருப்பன்?” என்றார். அக்கேள்விக்கு ஸ்ரீகாரியத்திலும் விடையில்லை. நல்லினத்தை அறிஞர் தரலாம். நல்ல பக்குவத்தை ஆச்சிமார் தரலாம். பானை நிறைய நீரும், அது கொதிக்கும் வரை காத்திருக்கப் பொறுமையும் ஒரு தாய்க்குக் கிடைக்க வேண்டுமானால், நாட்டிலே மழையும் அமைதியும் இருத்தல் வேண்டும். நம்புலாவின் தாய்மாரும் அக்கராயனில் என் தாயும் அறியாமையாற் பிழைத்தவரல்லர்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் பிள்ளைகளுடன் வந்திருந்தான். சந்தையிலிருந்து மரவள்ளி வாங்கிவருமாறு அம்மாவே என்னிடம் சொன்னார். நான் வியப்பை வெளிக்காட்டவில்லை. கிழங்கைச் சிறிது சிறிதாக வெட்டியவர் அம்மா. நீர் வார்த்தவள் என் மகள். பானை நிறையுமுன்னே அவள் நிறுத்தினாள்.

“இன்னும் ஊத்து, பிள்ளை” என்றார் அம்மா. “இப்ப எங்களுக்குத் தண்ணிக்கு என்ன குறை?”